அஞ்சாப்பு முடிந்த வீடு

ஏப்ரல் பிறந்துவிட்டால், அதுவரை பள்ளிக்கூடத்துப் பக்கம் எட்டிப் பார்க்காத அப்பாக்கள்கூட எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். களை எடுத்துவிட்டு நேராக வந்த அம்மாக்கள், பேத்தியைக் கையில் பிடித்தபடி பாட்டிகள் என்று இடைவேளை நேரத்தில் வராந்தா நிறைந்துவிடும். "அஞ்சாப்பு முடிச்சிட்டா டீச்சர், அடுத்து என்னங்க பண்றது?" என்பார்கள். கேட்பது ஒரு கேள்விதான். எந்தப் பள்ளி, எந்த பஸ், தனியாகப் போய் வருவாளா, எவ்வளவு செலவாகும், தமிழ் வழியா இங்கிலீஷ் மீடியமா என்று பத்துக் கேள்விகள் அதற்குள் இருக்கும்.

நான் வேலை பார்ப்பது ஓர் ஈராசிரியர் பள்ளியில். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். நாலாப்பும் அஞ்சாப்பும் என் பொறுப்பு. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஊரில் நடுநிலைப் பள்ளி இருந்தால் எட்டு வரை அங்கேயே ஓட்டிவிடலாம். எங்களைப் போன்ற ஊர்களில் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்கோ மேல்நிலைப் பள்ளிக்கோ பஸ் ஏறியாக வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின் கணக்குப்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். காகிதத்தில் வித்தியாசம் இரண்டு கிலோமீட்டர்தான். பத்து வயதுப் பெண்ணுக்கும் அவளைப் பெற்றவளுக்கும் அந்த இரண்டு கிலோமீட்டருக்குள்தான் ஊர் எல்லை இருக்கிறது.

இந்தக் கோடைக்காக வீடுகள் செய்யும் ஏற்பாடு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். புதுப் பை, புது ஷூ, டிபன் பாக்ஸ், கூடவே ஒரு டியூஷன். "லீவுல இங்கிலீஷுக்கும் கணக்குக்கும் சேத்து விட்டுடட்டுங்களா டீச்சர்?" என்று கேட்காத வீடு குறைவு. சேர்த்து விடுவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஆறாம் வகுப்பில் திணறிய பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால், பாடத்தால் திணறியவர்கள் குறைவு. புரியவில்லை என்று யாரிடம் சொல்வது எனத் தெரியாமல் திணறியவர்களே அதிகம்.

தொடக்கப் பள்ளியில் பிள்ளை வாயைத் திறக்க வேண்டிய அவசியமே கிடையாது. காலையில் ஒருத்தி முகம் வாடி வந்தால், வீட்டில் சண்டையா காய்ச்சலா என்று எனக்கே தெரியும். பத்து மணி வரை ஒருவன் வரவில்லையென்றால், "போய்ப் பாத்துட்டு வாடா" என்று பக்கத்து வீட்டுப் பையனை ஓட விடுவேன். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் ஒரே ஆள் நடத்துவதால், கணக்கில் சுணங்கும் பிள்ளை கதை சொல்வதில் புலி என்பதும் அதே ஆளுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர் வருகிறார். பிள்ளைக்கு அது நல்லதுதான். அறிவியல் படித்தவர் அறிவியல் நடத்துகிறார். ஆனால் ஒவ்வொருவரும் பிள்ளையை ஒரு பீரியட் அளவுக்குத்தான் பார்க்கிறார்கள். பெல் அடித்தால் அவர் போக, அடுத்தவர் வருவார். வராத பிள்ளைக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு எழுத்து விழும். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் பிள்ளையைத் தேடிக்கொண்டு வந்தது. ஆறிலிருந்து பிள்ளைதான் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போக வேண்டும். வீடு தயாராக வேண்டியது இதற்குத்தான் என்பது என் எண்ணம்.

இதில் முதல் காரியம் படிப்போடு தொடர்பில்லாதது: காலைச் சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்று வரையறுத்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்தது. விடிகாலையில் வயலுக்கோ நூறு நாள் வேலைக்கோ கிளம்புகிற அம்மாக்களுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, சாம்பாரோடு பள்ளியிலேயே தட்டில் விழுந்துவிடும். வீட்டு அடுப்புக்கு அந்த நேரத்து வேலை விட்டுப்போயிற்று. அதே பிள்ளை பெரிய பள்ளிக்குப் போகத் தொடங்கும்போது, எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வெறும் வயிற்றோடு ஓடினால், மதியச் சத்துணவு வரை பச்சைத் தண்ணீர்தான். அங்கே மூன்றாவது பீரியடில் தலை சுற்றி உட்காரும் பிள்ளைக்கு "படிப்பில் கவனம் இல்லை" என்று பெயர் வந்துவிடும். அதனால் ஏப்ரலில் வருகிற அம்மாக்களிடம் நான் முதலில் கேட்பது, "ஜூன்லேர்ந்து காலைல அவளுக்கு யாரு சோறு போடுறது?" என்பதைத்தான். பழையதோ, ராத்திரி மீந்த இட்லியோ எதுவானாலும் சரி, யார் எடுத்து வைப்பது என்று முடிவாகியிருக்க வேண்டும். லீவிலேயே ஏழரைக்குச் சாப்பிட்டுப் பழக்கிவிட்டால் ஜூனில் வயிறு அடம் பிடிக்காது.

இரண்டாவது, கேட்கப் பழகுவது. அஞ்சாப்பின் கடைசி மாதங்களில் என் வகுப்பில் இதற்காகவே சில ஏற்பாடுகள் உண்டு. கரும்பலகையில் டைம் டேபிள் எழுதிப் போட்டுவிடுவேன். பாடத்துக்கு ஒரு நோட்டு, அன்றைக்கு வேண்டியதை மட்டும் பையில் கொண்டுவர வேண்டும். பென்சில் போய்ப் பேனா வந்துவிடும். விடுப்பு விண்ணப்பம் அவர்களே எழுத வேண்டும். யாருக்கு, என்ன காரணம், எத்தனை நாள் என்று வரிசையாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, வாயால் சொல்லவும் வந்துவிடுகிறது. எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு தொடக்க வகுப்புகளில் ஆட்டமும் பாட்டும் பயிற்சி நூலும் நிறைந்திருக்கின்றன. அதிலிருந்து போய், ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவதும், கரும்பலகையைப் பார்த்து வேகமாக எடுத்துக்கொள்வதும் கைக்குப் புதுப் பழக்கம். "சார், அழிக்காதீங்க, எழுதி முடிக்கல" என்று சொல்லத் தெரிந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

வீட்டிலும் இதைப் பழக்கலாம். கடைக்கு அனுப்பி மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வரச் சொல்லலாம். ரேஷன் கடையில் தன் முறை வரும்வரை நின்று, "எங்க வீட்டுக்கு இன்னும் சர்க்கரை போடல" என்று சொல்ல வைக்கலாம். பஸ்ஸில் கண்டக்டரிடம் ஊர் பெயர் சொல்லி, இறங்க வேண்டிய இடத்தை அவளே கேட்கட்டும். நம் ஊரில் "வாயாடி" என்று பிள்ளையை அடக்குவோம், பெண் பிள்ளையென்றால் கொஞ்சம் கூடுதலாகவே அடக்குவோம். அடக்கி வளர்த்த பிள்ளை, பெரிய பள்ளியில் ஒரு வாரம் புத்தகம் கிடைக்காமலே உட்கார்ந்திருக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து, பதினோரு வயதில் பலர் பெரிய மனுஷி ஆகிவிடுகிறார்கள். பள்ளி மாறுவதும் உடம்பு மாறுவதும் ஒரே வருடத்தில் வருகிறது. சில வீடுகளில் அம்மா வாய் திறப்பதற்குள் அது நடந்துவிடும், பிள்ளை பயந்துபோகும். கோடையிலேயே உட்கார வைத்துச் சொல்லிவிடுவது நல்லது. பையில் ஒரு மாற்றுத் துணியும் நாப்கினும் இருக்கட்டும். பெரிய பள்ளியில் கழிப்பறை எங்கே இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்பதை அம்மாவே ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்போடு வீடு திரும்பும் பிள்ளைகள் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும் தருவார்கள். "என்னமோ மாத்திரை குடுக்குறாங்க, குமட்டுது" என்று பிள்ளை வந்து சொன்னால் பதற வேண்டாம். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் போதும்.

பையன்களுக்கு வரும் இடைஞ்சல் வேறு. எங்கள் பள்ளியில் அஞ்சாப்புப் பையன்தான் பெரிய ஆள். மணி அடிப்பது அவன், பிரேயரில் உறுதிமொழி சொல்வது அவன், ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு மூக்கு துடைத்துவிடுவதும் அவன். ஜூனில் அவன் போய் நிற்கும் மைதானத்தில் மீசை முளைத்த பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒரே கோடையில் எல்லோருக்கும் பெரியவன் எல்லோருக்கும் சின்னவன் ஆகிவிடுகிறான். வீட்டில் அவன் காரணமில்லாமல் தங்கையை அடித்தால், பாட்டியிடம் எரிந்து விழுந்தால், அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவனுக்கு வீட்டில் ஏதாவது ஒரு பெரிய பொறுப்பைக் கொடுத்து வைப்பது நல்லது. ஆட்டைப் பார்த்துக்கொள்வதாக இருந்தாலும் சரி, கரண்ட் பில் கட்டப் போய் வருவதாக இருந்தாலும் சரி.

இனி மீடியம். அரசுப் பள்ளிகளில் 2012-13 கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும்தான் ஆங்கில வழிப் பிரிவுகளைத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து ஆறாம் வகுப்பு, வீடுகளில் ஒரு வாக்குவாதத்துக்கும் வாசலாகிவிட்டது. ஐந்து வருடம் தமிழில் படித்த பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கக் கூடாது என்று நான் சொல்வதில்லை. நன்றாக வந்த பிள்ளைகளும் உண்டு. பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஆறாம் வகுப்பு ஆங்கில வழி அறிவியல் புத்தகத்தை வாங்கி, ஒரு பக்கத்தைப் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள் என்பேன். எழுத்துக்கூட்டியாவது படித்து, என்ன சொல்கிறது என்று தமிழில் பாதியாவது சொன்னால் துணிந்து சேர்க்கலாம். எழுத்தே நகரவில்லையென்றால், அந்தப் பிள்ளை அறிவியலை மனப்பாடம்தான் செய்யப்போகிறது.

தனியார் பள்ளிக்கு மாற்ற வட்டிக்குக் கடன் கேட்டு வைத்திருக்கும் அப்பாக்களும் வருவார்கள். அவர்களிடம் ஒரு கணக்கை மட்டும் சொல்வேன். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் 2020-ல் வந்தது; அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-லும் வந்தன. பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் உதவித்தொகையில் சேர்த்தார்கள். இவற்றுக்கெல்லாம் பொதுவான அடிப்படை, ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பள்ளி. ஐந்தாம் வகுப்பு வரை எங்கே படித்தாள் என்பதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. ஆறிலிருந்து கணக்கு ஆரம்பம். ஏழு வருடம் கழித்து வருகிற ஒரு கதவு இந்தக் கோடையில் திறக்கிறது அல்லது மூடுகிறது என்று தெரிந்த பிறகு, எந்த முடிவு எடுத்தாலும் அது அவர்கள் முடிவு.

காகித வேலையையும் ஏப்ரலிலேயே முடித்துவிடுவது நல்லது. ஆதாரில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் ஒரு எழுத்து என்று பெயர் மூன்று விதமாக இருக்கும். இனிஷியல் தாத்தாவுடையதா அப்பாவுடையதா என்ற சந்தேகமும் கூடவே இருக்கும். டீ.சி. எழுதுவதற்கு முன்பே இதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இப்போது விட்டால் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரை அந்தப் பிழை கூடவே வரும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்தால் ஜூன் மாத நெரிசலில் நிற்க வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்த வீட்டிலும் முதல் பருவத் தேர்வில் மார்க் குறையலாம். எண்பது வாங்கியவள் ஐம்பதோடு வருவாள். அந்த நேரத்தில் வீடு பதறினால் பிள்ளை அடுத்த முறை ரேங்க் கார்டையே ஒளித்து வைக்கும். மார்க்கைக் கேட்பதற்கு முன், எந்த டீச்சருக்கு உன் பெயர் தெரியும், மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய், இன்றைக்கு யாரிடம் என்ன சந்தேகம் கேட்டாய் என்று விசாரிக்கலாம். இதற்கெல்லாம் பதில் வருகிற பிள்ளைக்கு மார்க் பின்னால் வரும். பதில் வராவிட்டால், அந்த வாரமே பள்ளிக்குப் போய்ப் பார்ப்பது நல்லது.

நான் எழுதித் தரும் டீ.சி.யில் அங்க அடையாளத்துக்கு இடம் உண்டு. வலது முழங்கையில் ஒரு மச்சம், கழுத்தில் ஒரு மச்சம் என்று எழுதுவேன். ஒழுக்கம் பற்றி எழுதவும் ஒரு இடம் உண்டு, எல்லோருக்கும் "நன்று"தான். இவள் கணக்கில் கெட்டி, ஆனால் சத்தம் போட்டுக் கேட்டால் தெரிந்ததும் மறந்துவிடும், ஒரு காதில் அடிக்கடி சீழ் வரும், முன் வரிசையில் உட்கார வையுங்கள் என்று எழுத அதில் இடமில்லை. அதை வீடுதான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதனால்தான் ஜூனில் முதல் இரண்டு வாரத்துக்குள், தகராறு எதுவும் வருவதற்கு முன்பே, ஒரு அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று கிளாஸ் டீச்சரை ஒருமுறை போய்ப் பார்த்துவிடச் சொல்கிறேன். அம்மாவால் முடியாவிட்டால் அப்பா, இல்லையென்றால் பாட்டியாவது போகட்டும். நாற்பது பெயர்களில் நேரில் வந்து சொன்ன பெயர் எந்த டீச்சருக்கும் மறக்காது.

அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மா ஒருவர் இதைக் கேட்டுவிட்டுத் தயங்கினார். "அவ்ளோ பெரிய ஸ்கூல்ல போயி நான் என்ன டீச்சர் பேசுறது? எனக்கு ஆறாப்புப் பாடமே தெரியாதே."

"பாடத்தப் பத்திப் பேசத்தான் அவங்க அங்க இருக்காங்க," என்றேன். "நீ உன் பொண்ணப் பத்திப் பேசும்மா. அது உனக்கு மட்டும்தான் தெரியும்."