கிள்ளைக்கு ரெண்டு டிக்கெட்!

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சருக்கு நிற்கிற கூட்டத்தில் சிதம்பரம் கோயிலுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அதனால், "கிள்ளை, ரெண்டு" என்று அந்தப் பெண் கேட்கும்போது கவுன்ட்டரில் இருப்பவர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். பிச்சாவரம் போக நினைக்கிறவர்கள்கூட சிதம்பரத்தில் இறங்கி பஸ் பிடிப்பதுதான் வழக்கம். கிள்ளையில் இறங்கி நடக்கிறவர்கள் குறைவு.

டிக்கெட் ஆளுக்கு 10 ரூபாய். கொரோனா காலத்தில் இதே பாசஞ்சர், எக்ஸ்பிரஸ் கட்டணத்துக்கு மாறி, குறைந்தபட்சம் 30 ரூபாய் ஆகிவிட்டது. 2024-ல்தான் பழைய கட்டணம் திரும்பியது. அந்த வருடங்களில் தாத்தா தன் நடையை மாதத்துக்கு ஒன்று என்று சுருக்கிக்கொண்டார். 10 ரூபாய் ஆனதும் மறுபடி வாராவாரம். அப்போதெல்லாம் தனியாகத்தான் போவார்.

அவருக்கு 74 வயது. பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லஸ்கர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வாய்க்காலுக்குக் காவல்காரர் என்று சொல்லலாம். ஷட்டரை ஏற்றி இறக்குவது, அளவுகோலில் தண்ணீர் மட்டம் பார்த்துச் சொல்வது, கரையில் எலி வளை, நண்டு வளை வழியாகக் கசிவு இருக்கிறதா என்று நடந்து நடந்து பார்ப்பது, மழை நாளில் உடைப்பு எடுத்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஆள் திரட்டி மண் மூட்டை போடுவது, எல்லாம் அவர் வேலை. நடப்பதற்குச் சம்பளம் வாங்கியவர், ஓய்வு பெற்ற பிறகு காசு கொடுத்து டிக்கெட் வாங்கி நடக்கிறார் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

கேலி நின்றது போன ஐப்பசியில். மழை ஈரத்தில் கரைக் களிமண் வழுக்கி விழுந்துவிட்டார். மாடு மேய்க்க வந்த ஒருவர் பார்த்துத் தூக்கிவிடும்வரை எவ்வளவு நேரம் அங்கே கிடந்தார் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. எலும்பு முறிவு இல்லை. ஆனால் அன்றைக்கே மகன் தீர்ப்பு சொல்லிவிட்டார், இனி கரைப் பக்கமே போகக்கூடாது. அவருடைய செருப்பும் குடையும் பரணுக்குப் போயின. தாத்தா சண்டை போடவில்லை. பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சாப்பாடும் குறைந்தது.

பேத்திதான் பஞ்சாயத்து பேசி ஓர் ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தாள். ஞாயிறு மட்டும், அவளோடு மட்டும், தரை காய்ந்த பிறகு மட்டும். மார்கழி பாதியிலிருந்து இருவரும் போகிறார்கள். இப்போது தை கடைசி. அடுத்த மாதம் அவளுக்குச் சென்னையில் வேலை. இன்னும் ஒரு ஞாயிறுதான் பாக்கி. இதைப் பற்றி இருவருமே பேசிக்கொள்வதில்லை.

சென்னையிலிருந்து தெற்கே போகும் பழைய மெயின் லைன் இதுதான். விருத்தாசலம் வழியாகப் போகும் கார்டு லைன் பிறகு வந்தது. அகலப்பாதையாக்குவதற்காகச் சில வருடங்கள் ரயிலே ஓடாமல் கிடந்து, 2010-ல் இந்தத் தடம் மறுபடி உயிர் பெற்றது. கடலூர் துறைமுகம் ஜங்ஷன் தாண்டியதும் இடது ஜன்னல் கடல் பக்கம், வலது ஜன்னல் வயல் பக்கம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை. அதைத் தாண்டினால் வெள்ளாற்றுப் பாலம், அடுத்து கிள்ளை.

இறங்கியதும் தாத்தா முதலில் செய்வது, திரும்பி வரும் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்வது. விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாத லைன் இது. தவறவிட்டால் சிதம்பரத்துக்கு பஸ் உண்டு, பதற வேண்டாம். இன்னொன்று, தண்டவாளத்தை ஒட்டி நடப்பது நெருங்கிய வழியாகத் தெரியும். சில இளவட்டங்கள் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறி செல்ஃபியும் எடுக்கிறார்கள். தாத்தா அந்தப் பக்கம் திரும்பக்கூட விடமாட்டார். ஊர் ரோடு, பிறகு வாய்க்கால் கரை. அவ்வளவுதான் வழி.

வயலில் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருக்கிறது. அறுத்த தாளுக்கு நடுவே சின்னச் சின்னதாக உளுந்து முளைத்து நிற்பதைப் பார்த்து, "அறுத்த உடனேயே எப்படி தாத்தா முளைக்கும்?" என்று கேட்டாள்.

"அறுத்த பிறகு யாரும்மா விதைக்கிறா? கதிர் நிக்கும்போதே, அறுக்கறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி தெளிச்சிடுவாங்க. மண்ணு மெழுகு பதத்துல இருக்கணும். அதுக்கப்புறம் பனி போதும்."

காவிரிப் பாசனத்தின் கடைமடை இது. மேட்டூரில் திறக்கும் தண்ணீர், அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே இருக்கும் கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாறு, வடக்கு ராஜன் வாய்க்கால் என்று பிரிந்து இந்தப் பக்கம் வரவேண்டும். கீழணை 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்டது. வடவாறு வீராணம் ஏரிக்குப் போகிறது. 2004-லிருந்து வீராணம் தண்ணீர் சென்னைக்கும் போகிறது.

"நீ அங்க குழாயத் தொறந்தா வர்ற தண்ணியில இதுவும் கலந்திருக்கும்" என்றார். சென்னை பற்றி அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

கான்சாகிப் வாய்க்கால் கரைக்கு வந்ததும் ஒரு குச்சியை ஒடித்து, தண்ணீர் தரையைத் தொடும் இடத்தில் சரியாக நட்டுவைத்தார். பிறகு நிழலில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு மேற்கேயிருந்து நல்ல தண்ணீர் கொண்டுபோகும் முக்கியமான வழி இந்த வாய்க்கால். கிழக்கேயிருந்து ஓதம் வரும்போது உப்புத் தண்ணீரும் இதே வழியாக ஏறும். எது எதுவரை என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம் என்பது தாத்தாவின் கட்சி.

"ஆகாயத்தாமரை எங்க நிக்குதுன்னு பாரு. உப்பு பட்டா அது செத்துடும். அதுக்குக் கீழ கரையில உமரி வந்துடும்."

பேத்தி பார்த்தாள். அவர் சொன்ன மாதிரியே, ஓர் இடம்வரை பச்சைப் பாயாக அடைத்து வந்த ஆகாயத்தாமரை, அதற்கு அப்பால் பழுப்பாகி, நாலு எட்டில் காணாமல் போயிருந்தது. இதற்கு முன்பு வந்தபோதெல்லாம் அவள் கண்ணில் பட்ட ஆகாயத்தாமரைதான். அது ஒரு கோடு என்று தெரிந்தது இன்றைக்குத்தான்.

இட்லி முடிந்து எழுந்து வந்தபோது குச்சியின் அடி நனைந்திருந்தது. தாத்தா குனிந்து விரலை வைத்து அளந்தார்.

கிழக்கே போகப்போக நெல் வாசனை போய், சேற்று வாசனை வருகிறது. இறால் பண்ணைகள், அப்புறம் முதல் அலையாத்தி மரங்கள். அதில் ஒன்றின் கிளையைப் பிடிக்கப்போனவளை அதட்டி நிறுத்தினார். தில்லை மரம். ஒடித்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். நடராஜர் கோயிலின் தல விருட்சமும் இதுதான். கோயிலைச் சுற்றிக் காடாக இருந்ததாகச் சொல்லப்படும் மரத்தை இன்று பார்க்க வேண்டும் என்றால் இங்கேதான் வரவேண்டும். கோயிலுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் இந்த மரத்தைப் பார்த்திருப்பார்கள்!

பிச்சாவரத்தில் எல்லோரும் படகு ஏறுவார்கள். தாத்தாவுக்கு அதில் ஆர்வமில்லை. கண்காணிப்புக் கோபுரத்தில் பாதிப் படி ஏறி, மூச்சு வாங்க நின்று, காட்டைப் பார்ப்பார். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இந்தக் காட்டின் ஒரு பகுதி ஒரு காலத்தில் அழிந்துகொண்டிருந்தது. முன்பு மரங்களை மொத்தமாக வெட்டியதில் வெயில் பட்டு மண் தாழ்ந்து, ஓதத் தண்ணீர் குட்டையாகத் தேங்கி, உப்பேறி, எதுவும் முளைக்காமல் போனது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து, மீன் முள் மாதிரி நடுவில் ஒரு வாய்க்கால், இருபுறமும் கிளை வாய்க்கால்கள் என்று வெட்டின. ஓதம் உள்ளே வந்து வெளியே போக வழி கிடைத்ததும், நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன. 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவாக இருந்ததைப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

தாத்தாவின் கருத்து சுருக்கமானது: "நாங்க நெல்லுக்கு வெட்டினோம். இவங்க மரத்துக்கு வெட்டியிருக்காங்க. வேலை ஒண்ணுதான்."

திரும்பும்போது கிள்ளை வரை ஷேர் ஆட்டோ. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்காக இந்தக் கடற்கரைக்குத்தான் வருவார். வழியில் தைக்காலில் இஸ்லாமியர்கள் அவருக்கு வரவேற்பு கொடுப்பது பழைய வழக்கம். அடுத்த மாதம் அதைப் பார்க்க வரவேண்டும் என்று அவள் வாய்வரை வந்தது. தேதியை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தாள்.

ரயிலில் கூட்டமில்லை. தாத்தா தூங்கிவிட்டார். திருப்பாதிரிப்புலியூரில் இறங்கியபோது அப்பா பைக்கோடு வெளியே நின்றிருந்தார். போன் செய்யாமலே வந்திருக்கிறார். தாத்தாவின் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"குச்சி நட்டீங்களாப்பா?" என்றார்.

தாத்தா பதில் சொல்லாமல் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சின்னப் பிள்ளையில, சோத்துத் தூக்கு எடுத்துட்டுப் போவேன்ல... அந்தக் குச்சிய நாந்தான் பார்த்துட்டு உக்காந்திருப்பேன்." இதை அவர் மகளிடம்தான் சொன்னார். பிறகு மறுபடி அப்பா பக்கம் திரும்பி, "ஏறிச்சா, இறங்கிச்சா?"

"ஏறிச்சு. ரெண்டு விரக்கடை" என்றார் தாத்தா.