கடலுக்கும் குடிக்கும் இடையே

கடற்கரையைக் காப்பது என்றதும் கருங்கல் அணையே நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயினும் அரண்கள் யாவும் கல்லால் ஆனவை அல்ல. காற்றுக் குவித்த மணலை அடம்பனும் இராவணன் மீசையும் பற்றிப் பிணிக்க, காலப்போக்கில் மேடு உருவாகின்றது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழி, கரையோர மக்கள் கண்கூடாகக் கண்ட உண்மை எனலாம்.

யாலக் கரையில் விடுதியொன்று, கடற்காட்சியின் பொருட்டுத் தன் முன்னிருந்த மணல்மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அதனை முற்றாக அழித்தது. அயலில், மேடு குலையாதிருந்த இடங்களில் நீரின் பாய்ச்சல் குறைவாகவே இருந்ததென அடுத்த ஆண்டில் ஆய்வாளர் பதிவு செய்தனர்.

2005இல் அரசு கட்டடத் தடை வலயமொன்றை வகுத்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். உயிர்காக்கும் நோக்கம் குற்றமற்றது. ஆனால், கடலைப் பார்த்து வாழ்வது மீனவனுக்கு இன்ப நுகர்ச்சியன்று, தொழில். நீரின் நிறத்தையும் காற்றின் திசையையும் கண்டே அவன் வள்ளத்தை இறக்குகின்றான். வாடியும் கரைவலையும் கரையிலன்றி வேறெங்கு இருத்தல் கூடும்? சுற்றுலா விடுதிகளுக்கு மட்டும் விதி நெகிழ்ந்தது என்ற கண்டனமும் எழுந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே தடை தளர்த்தப்பட்டது. கோடு கீறப்பட்டதேயன்றி, கோட்டிற்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலம் யாருக்கு, எதற்கு என்ற வினாவிற்கு விடை கூறப்படவில்லை.

ஒல்லாந்தின் கட்வைக் நகரம் இவ்வினாவை வேறு விதமாக எதிர்கொண்டது. 1953ஆம் ஆண்டின் கடல்வெள்ளத்தில் 1,800க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாடு அது. கட்வைக்கில் கல்லணையை மணல்மேட்டினுள்ளேயே புதைத்தனர். உள்ளே கல் இருந்தமையால் மேடு மிக உயர வேண்டியிருக்கவில்லை; நகரம் கடலை இழக்கவுமில்லை. மேட்டின் கீழே 600க்கும் மேற்பட்ட வாகனங்களுக்குத் தரிப்பிடமும் அமைந்தது. 2015இல் பணி நிறைவுற்றது. அரணும் பொது வசதியும் நிலத்தோற்றமும் ஒரே திட்டத்தில் இணைந்தமையே அதன் சிறப்பு.

செல்வ நாட்டின் செலவு இலங்கைக்கு எட்டாது. புயலலையும் ஆழிப்பேரலையும் ஒன்றல்ல. எனினும், அம்முறை கற்கத்தக்கது. மணல்மேடும் தாழையும் களப்புகளில் கண்டலும் எங்கு நிற்க வேண்டும் என்று வரைபவர், வள்ளம் ஏறும் வழியையும் வாடிக்குரிய இடத்தையும் மக்கள் தப்பியோடும் பாதையையும் அதே தாளில் வரைதல் வேண்டும். கரையில் வாழ்வோரைக் கேளாது வரையப்படும் கோடு, அடுத்த அலைக்கு முன்னரே அழிந்துவிடும்.