மடங்கும் விளக்குகளின் ஊர்

கைத்தொழில் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருவது நூதனசாலையின் கண்ணாடிப் பெட்டியே. அது பாட்டன் காலத்துப் பொருள், பார்த்து வியப்பதற்குரியது, ஆனால் அதைச் செய்து எவரும் அடுப்பெரிக்க முடியாது என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் எல்லா இடத்திலும் சரியன்று என்பதை வியட்நாம் நாட்டின் நடுக்கரையிலுள்ள ஹோய் ஆன் என்னும் ஊரில் நாம் கண்டோம். கையாற் செய்த விளக்குக் கூடுகளை விற்று, அவ்வருவாயிற் பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பங்கள் அங்கே பலவுள. அத்தகைய சிறு கடை ஒன்றில் மூன்று நாட்கள் காலையும் மாலையும் இருந்து பார்த்தவற்றையே இங்கு நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

ஆறு தந்த ஊர்

டா நாங் விமான நிலையத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் சென்றால் ஹோய் ஆன் வந்துவிடும். 2025 யூலை முதல் அது டா நாங் மாநகர நிர்வாகத்தின் கீழ் வந்துவிட்டதாயினும் பழைய தெருக்களில் நடப்போர்க்கு மாநகரின் நினைவே வருவதில்லை. து பொன் ஆற்றின் முகத்துவாரத்தை அண்டி அமைந்த இவ்வூர், 15 ஆம் நூற்றாண்டு தொட்டு 19 ஆம் நூற்றாண்டு வரை கீழைத் தேசங்களின் பெயர்பெற்ற வணிகத் துறைகளுள் ஒன்றாக விளங்கியது. சீன வணிகரும் யப்பானிய வணிகரும் இங்கே குடியேறி வாழ்ந்தனர். யப்பானியர் பாலம் எனப்படும் கூரை வேய்ந்த பழம்பாலம் இன்றும் அங்கு நிற்கின்றது. அந்நாட்டு 20,000 டொங் தாளில் அதன் படத்தைக் காணலாம்.

காலப்போக்கில் ஆறு மணலால் தூர்ந்தது. கப்பல்கள் டா நாங்கை நாடின. ஊர் வறுமையிலே துயின்றது. ஆனால் அவ்வறுமையே பழைய வீடுகளைக் காத்தது எனலாம். கையிற் பணம் இருந்திருப்பின் அவற்றை இடித்துவிட்டு மாடிவீடுகள் கட்டியிருப்பர் அன்றோ? 1999 ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இவ்வூரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, 1998 இல், ஊரார் ஒரு புதுவழக்கத்தைத் தொடங்கியிருந்தனர். சந்திர மாதத்தின் பதினான்காம் நாள் இரவில், அதாவது பூரணைக்கு முந்திய இரவில், பழைய நகரின் மின்விளக்குகளைத் தணித்து, வீடுகளின் முன்னே தொங்கும் கூடுகளின் ஒளியை மாத்திரம் விடுவர். அவ்விரவைக் காணவென்று பிறநாட்டார் திரள, கூடு செய்வோரின் கைகளுக்கும் வேலை பெருகிற்று.

வெசாக் காலத்து வெளிச்சக் கூடுகளைக் கண்டு வளர்ந்த நமக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றவில்லை. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. நம் நாட்டுக் கடதாசிக் கூடு சில நாட்களுக்கு உரியது. திருநாள் கழிந்தால் அதன் ஆயுளும் கழிந்தது. ஹோய் ஆன் கூடோ ஒரு வீட்டிற் பல்லாண்டு தொங்குவதற்கென்றே செய்யப்படுவது.

மூங்கிலும் பட்டும்

நாம் சென்ற கடை, இரண்டு பாகம் அகலமுள்ள முகப்பையும் நீண்டு செல்லும் உட்புறத்தையும் கொண்ட பழைய வீடு. முன்னறை விற்பனைக்கு, நடுவறை வேலைக்கு, பின்னறை அடுக்களைக்கு. நடத்துபவர் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார். அந்நாட்டாரும் நம்மவரைப் போலவே முன்பின் அறியாதாரையும் அக்கா, தம்பி, மாமி என முறை சொல்லியே அழைப்பர். நம்முடன் வந்த மொழிபெயர்ப்பாளர் அவரை அக்கா என்ற பொருள்படும் சொல்லால் அழைக்க, நாமும் அவ்வாறே அழைத்தோம்.

கூட்டின் உயிர் மூங்கில். முற்றிய மூங்கிலை வெட்டிப் பல நாட்கள் உப்பு நீரில் ஊறவிடுகின்றனர். மூங்கிலில் உள்ள மாச்சத்தை நாடியே உளுப்பூச்சி வருவது. ஊறும்போது அச்சத்து நீங்கிவிடுவதால் பின்னர் பூச்சி அணுகுவதில்லை. ஊறியதை வெயிலிற் காயவைத்து, மெல்லிய சிலாகைகளாக வகிர்ந்து, ஒரே அளவாகச் சீவி எடுப்பர். சிலாகைகளின் இரு நுனிகளையும் துளைத்து, மேலும் கீழுமாக உள்ள இரு மரவட்டங்களிற் கம்பியாற் கோப்பர். இதுவே எலும்புக்கூடு.

அதன்மேற் பட்டு ஏறுகின்றது. துணி முழுவதையும் ஒரேயடியாகச் சுற்றுவதில்லை. ஒவ்வொரு சிலாகைக்கும் பசை தடவி, இரு சிலாகைகளுக்கு இடைப்பட்ட பகுதியை மாத்திரம் இழுத்து ஒட்டி, ஓரத்தைக் கத்தரித்து, அடுத்த பகுதிக்குச் செல்வர். இழுப்புக் குறைந்தாற் துணி தொய்ந்துவிடும். கூடினாற் சட்டம் கோணிவிடும். விளக்கேற்றியதும் ஒவ்வொரு சுருக்கமும் நிழலாய்த் தெரியும். ஆகையால் பகலில் ஒட்டிய கூட்டை மாலையில் மின்குமிழ் ஏற்றிப் பார்த்த பின்னரே அம்மையார் விற்பனைக்குத் தொங்கவிடுகின்றார். நாம் இருந்த முதல்நாள் மாலை, பதினொரு கூடுகளில் இரண்டு அச்சோதனையிற் தோற்றுத் திரும்பவும் வேலையறைக்குச் சென்றன.

கடையின் ஒருநாள்

காலை ஏழு மணிக்கு முன்னரே முகப்புப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாத்துகின்றனர். யாழ்ப்பாணத்துப் பழைய கடைவீதிகளைக் கண்டோர்க்கு இது புதுமையன்று. பின்னர் தரையில் வைத்துள்ள சிறு மாடத்தில் நிலத் தெய்வத்துக்கும் செல்வத் தெய்வத்துக்கும் பழம் படைத்து ஊதுபத்தி ஏற்றுகின்றனர். அன்றைய முதல் கொள்வனவாளரின் கைராசியிலேயே நாள் முழுவதும் தங்கியிருக்கின்றது என்னும் நம்பிக்கை அங்கும் உண்டு. காலையில் வந்து நெடுநேரம் பேரம்பேசி ஒன்றும் வாங்காது போவோரைக் கண்டால் கடைக்காரர் முகம் வாடுவது அதனாலேயே.

முற்பகலில் ஒட்டுவேலை. நண்பகலிற் சிறுதுயில். வெயில் தாழ்ந்ததும் தெருவிற் கூட்டம் பெருகும். மாலை ஆறு மணிக்கு அம்மையார் ஒரு விசையைத் தட்ட, முன்னறையின் கூடுகள் யாவும் ஒருங்கே ஒளிர்கின்றன. உருண்டை, வெள்ளைப்பூண்டு, பப்பாசி, வைரம் எனப் பல வடிவங்கள். அந்நேரம் படம்பிடிப்போர் வாயிலை அடைத்துக்கொள்வர். பிடிப்போர் பத்துப்பேராயின் வாங்குவோர் ஒருவர். “படத்துக்குப் பணம் கேட்கும் கடைகளும் உண்டு. நான் கேட்பதில்லை. ஆனால் அவர்கள் நின்றால் உண்மையாக வாங்க வருபவருக்கு வழி இல்லை” என்றார் அவர் சிரித்தபடி.

மகள் டா நாங்கிற் கணக்கியல் பயில்கின்றாள். வார இறுதியில் வந்து வரவு செலவு எழுதுகின்றாள். அவளுக்குக் கடையிலே பற்று உண்டு, மூங்கிலிலே இல்லை. உண்மையில் அம்மையாரின் பெரிய கவலை விற்பனையன்று, மூங்கில் சீவுவோர் குறைந்து வருவதே. அவருக்குச் சிலாகை கொடுக்கும் முதியவர் எழுபதைத் தாண்டியவர். அவ்வூர் இளைஞர் விடுதிகளில் வேலைக்குச் செல்கின்றனர். அங்கே மாதச் சம்பளம் உண்டு, விரலில் ஆறாத வெட்டுக்காயமும் இல்லை. துணி ஒட்டும் பெண்களோ பக்கத்துக் கிராமங்களில் தத்தம் வீட்டிலிருந்தே எண்ணிக்கைக்குக் கூலி பெறுகின்றனர். சிறு கூடு ஒன்றின் விலை அவ்வூர்க் கடையில் இரண்டு மூன்று கோப்பை கோப்பிக்குக் கொடுக்கும் பணமே. அதற்குள் மூங்கில் வெட்டியவர், சீவியவர், ஒட்டியவர், குஞ்சம் கட்டியவர், விற்பவர் ஆகிய அனைவரின் பங்கும் அடங்கவேண்டும். “சீவுபவருக்குக் கூட்டிக் கொடுத்தால் ஒட்டுபவர் முகத்தைப் பார்க்கவேண்டி இருக்கிறது” என்று அவர் சொன்னபோது அதில் சிரிப்பு இருக்கவில்லை.

மூடத் தெரிந்த விளக்கு

இவ்வளவு மலிவான பொருள் ஊரைக் காத்தது எவ்வாறு என நேயர்கள் வினவலாம். விடை அதன் மடிப்பிலே உளது. பழைய கூடு விறைத்த சட்டம் உடையது. அழகாயிருப்பினும் விமானத்திற் கொண்டுசெல்ல இயலாது. மேலும் கீழும் உள்ள மரவட்டங்களை நெருக்கினாற் சிலாகைகள் வில்லாக வளைந்து கூடு விரியும், எதிரெதிரே இழுத்தாற் சிலாகைகள் நிமிர்ந்து ஒன்றுசேரக் குடைபோல ஒடுங்கும். இவ்வமைப்பு வந்தபின் பயணப்பெட்டியின் ஓரத்தில் ஐந்தாறு கூடுகளைச் செருகிச் செல்லலாம் என்றாயிற்று. அவ்வகையில் ஹோய் ஆன் கூடு உலகெங்கும் சென்று, எத்தனையோ வீடுகளிலும் உணவகங்களிலும் மேசைக்கு மேலே தொங்குகின்றது.

ஆனால் இம்மடிப்புக்கு இன்னொரு பயனும் உண்டென்பதை நாம் மூன்றாம் நாளே அறிந்தோம்.

வாழ்வு தந்த ஆறே வெள்ளமும் தருகின்றது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் து பொன் கரை மீறுவது அங்கே ஆண்டுதோறும் எதிர்பார்க்கப்படுவது. தான் கீ என்னும் பழைய வணிகர் இல்லத்தின் சுவரில் வெள்ளம் எட்டிய உயரங்களை ஆண்டோடு குறித்து வைத்துள்ளனர். 1964 இன் பெருவெள்ளக் குறி ஆளுயரத்துக்கு மேலே இருக்கின்றது. அவ்வூர்ப் பழைய வீடுகளில் மேல்மாடித் தளத்திற் சதுரமாய் ஒரு திறப்பு உண்டு. நீர் ஏறும்போது பொருட்களைக் கயிற்றாற் கட்டி அவ்வழியே மேலே இழுத்துக்கொள்வர். நம் அம்மையாரின் கடையிலும் அத்திறப்பு இருக்கின்றது.

2025 ஒக்டோபர் இறுதியில் நடு வியட்நாமிற் பெருமழை கொட்டிப் பழைய நகர் நீரில் அமிழ்ந்தபோது, அவரும் மகளும் பக்கத்து வீட்டாரும் முந்நூறுக்கு மேற்பட்ட கூடுகளை ஒவ்வொன்றாக மூடி, பத்துப்பத்தாகக் கட்டி, அத்திறப்பினூடே ஏற்றினராம். விரிந்த கூடுகளாயின் நாற்பதைக்கூட ஏற்றியிருக்க இயலாது. தரையில் விட்டவை மரமேசையும் பசைவாளிகளுமே. அடுத்த மாதமே நம் நாட்டை ‘டித்வா’ புயல் தாக்கியதை அவரிடம் சொன்னோம். எவ்வளவு நீர் வந்தது, எத்தனை நாள் நின்றது, சேற்றை எவ்வாறு கழுவினார்கள் என அவர் கேட்ட கேள்விகள், வெள்ளத்தில் வாழ்ந்தவர் மாத்திரமே கேட்கக்கூடியவை. நீர் வடியும்போதே சேற்றைத் தள்ளிவிட வேண்டும், காய்ந்தபின் சுவரிலிருந்து அகற்றுவது அரிது என்று நமக்கு அறிவுரையும் தந்தார்.

வெள்ளத்தைவிடக் கொடியது கொரோனாக் காலம் என்பது அவர் கருத்து. 2020 மார்ச்சில் பிறநாட்டுப் பயணிகளுக்கு மூடிய கதவு 2022 மார்ச்சிலேயே முழுமையாகத் திறந்தது. இரண்டு ஆண்டுகள் முகப்புப் பலகைகள் கழற்றப்படவில்லை. அவர் தமையனின் தோட்டத்தில் கீரை நட்டார். மூங்கில் சீவும் முதியவருக்கு மாத்திரம் இயன்றபோதெல்லாம் சிறிது வேலை கொடுத்து வந்தார். “விளக்கு மூடிக் கிடந்தால் கெட்டுப் போகாது. கை மூடிக் கிடந்தால் மறந்து போகும்” என்பது அதற்கு அவர் சொன்ன காரணம்.

ஹோய் ஆன் செல்லும் நேயர்கள் விலைகேட்கும்போது இரண்டைப் பார்ப்பார்களாக. முதலாவது, விளக்கேற்றிப் பார்த்தாற் துணியிற் சுருக்கம் தெரிகின்றதா என்பது. இரண்டாவது, மூடித் திறக்கும்போது சிலாகைகள் யாவும் ஒரே வளைவாக வளைகின்றனவா என்பது. இரண்டும் செம்மையாயின் அதற்குமேற் பேரம் வேண்டியதில்லை. நாம் வாங்கியது வெள்ளைப்பூண்டு வடிவில் மஞ்சள் நிறக் கூடு ஒன்று. அதன் விலையை அம்மையார் குறிப்பேட்டில் எழுதி, மூங்கில் சீவும் முதியவரின் பங்கை அப்போதே தனியாக எடுத்து ஒரு தகரப்பேணியிற் போட்டார். சனிக்கிழமை மாலை அவர் அதை வாங்க வருவாராம்.