புது காருக்கு பூஜை, பாலிஷ், அப்புறம் எங்கப்பா (கொஞ்சம் நீளமான பதிவு)

கோயில் வாசல்ல மாலையோட நின்ன என் புது கார் படத்தைப் போட்டதுல இருந்து இன்பாக்ஸ் நிறைஞ்சு கிடக்கு. வாழ்த்தின எல்லாருக்கும் நன்றி. மத்தவங்க கேட்டது ரெண்டு கேள்வி. ஒண்ணு, "அண்ணே, பூஜை போட்டா பெயின்ட் கெட்டுப்போகுமாமே?" இன்னொண்ணு, "சாமி காரியத்துல நிக்கிற ஆளுக்கு ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் எதுக்கு?" முதல் கேள்விக்கு நல்லாவே பதில் தெரியும். ரெண்டாவதுக்கு முடிஞ்ச அளவு சொல்றேன்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் பல வருஷமா தொண்டு செய்றேன். டாக்சி, லாரி, மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூட பஸ்னு எத்தனையோ வண்டிக்கு எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்த கை இது. பூஜையால பெயின்ட் கெடாது. பூஜை முடிஞ்சதும் நாம பண்ற வேலையாலதான் கெடும். சந்தனம் காய்ஞ்சா பொடி, விபூதி சாம்பல். ரெண்டும் நைஸான உப்புத்தாள் மாதிரி. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ச்சுட்டு விபூதியால துடைச்சா எப்படிப் பளபளக்குதுன்னு நம்ம கோயில் பெண்களைக் கேளுங்க. பித்தளையைத் தேய்க்கிற அதே சாம்பல்தான் காரையும் தேய்க்கும். மேல்பூச்சுல வட்ட வட்டமா கீறல் விழும், வெயில்ல நிறுத்தினா சிலந்தி வலை மாதிரி தெரியும். அதனால தோள்ல கிடக்கிற துண்டை எடுத்து வறவறன்னு துடைக்கவே துடைக்காதீங்க. முதல்ல நிறைய தண்ணி ஊத்துங்க, ஊறி ஓடட்டும், அப்புறம் மைக்ரோஃபைபர் துணி.

பொட்டைப் பெயின்ட் மேல வைக்கிறதைவிட கண்ணாடியில வைக்கலாம், கண்ணாடி சீக்கிரம் கீறாது. மஞ்சளும் குங்குமமும் வெள்ளைக் காருல ஒரு ராத்திரி இருந்தா கறை பிடிக்கும். கற்பூரத் தட்டை பானெட் மேல வைக்கக் கேட்டா ஐயரே "வேணாம்"னுதான் சொல்வார். சூடும் கரியும் ஆகாது. நாலு சக்கரத்துக்கு அடியில எலுமிச்சை நசுங்கினதும் சாறு ரிம் மேல தெறிக்கும். அது அமிலம், அன்னிக்கே கழுவிடணும். தேங்காயை ரோட்டுல உடைக்காதீங்க, அதுக்குக் கோயில்ல இடம் இருக்கு.

கழுவுற விஷயத்துக்கு வர்றேன். யூடியூப்ல இப்போ ரெண்டு வாளி முறைன்னு பெரிசா சொல்றாங்க. ஒரு வாளியில சோப்புத் தண்ணி, இன்னொண்ணுல வெறும் தண்ணி. அழுக்குத் துணியை வெறும் தண்ணியில அலசிட்டுத்தான் மறுபடி சோப்புல முக்கணும். இதை எங்கப்பா அறுபதுகள்லயே செஞ்சிருக்கார். புக்கிட் தீமா பக்கம் ஒரு முதலாளி வீட்டுல டிரைவர். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து ரெண்டு வாளி, ஒரு ஆட்டுத்தோல். வீட்டுக்காரங்க போய்வர ஒரு பெரிய காடி, முதலாளி தானே ஓட்டுறதுக்கு ஒரு சிவப்பு எம்ஜி. ரெண்டு பேர் உட்கார்ற காடி. (அப்பாவுக்கு இன்னிக்கும் அது கார் இல்ல, காடிதான்.) பதினோரு வருஷம் அந்த எம்ஜியைக் கழுவி, மெழுகு போட்டு, போர்ட்டிகோவுல இருந்து வாசல் வரைக்கும் ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கார். இடது பக்க சீட்டுல ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்ல. யாரும் உட்காரக் கூடாதுன்னு சொல்லல. உட்காரச் சொன்னதும் இல்ல.

இளம் பிள்ளைங்க நிறைய பேருக்குத் தெரியாது, மரினா பே ராத்திரிப் பந்தயம் 2008-ல வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இங்க கிராண்ட் பிரி இருந்தது. 1961-ல இருந்து 1973 வரைக்கும், அப்பர் தாம்சன் ரோட்டுல, சாதாரண சாலையை அடைச்சு ஓட்டினாங்க. ஒரு சுத்து கிட்டத்தட்ட 4.8 கிலோமீட்டர். 1967-ல நம்ம ஊர்க்காரர் ரோட்னி சியாவ் ஜெயிச்சார். வளைவு பயங்கரம், உயிரும் போயிருக்கு. 1973-க்குப் பிறகு நிறுத்திட்டாங்க. அந்தப் பந்தயத்தைப் பார்க்க முதலாளி எம்ஜியில போனார், எங்கப்பா பஸ்ஸுல போனார். புல்மேட்டுல உட்கார்ந்து பார்த்ததை இப்பவும் சத்தத்தோட சொல்லுவார்.

அதனாலதான் ரெண்டு கதவு. நான் வாங்கினது டொயோட்டா ஜிஆர் 86. டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செஞ்சது, 2.4 லிட்டர் எஞ்சின், பின்சக்கர இழுவை, கையால மாத்துற ஆறு கியர். பின்னாடியும் ரெண்டு சீட் இருக்கு, அர்ச்சனைத் தட்டு வைக்கலாம். என் பெண்ணு படிப்பை முடிச்சுட்டா, வீட்டுக் கடன் முடிஞ்சது, வீட்டுக்காரம்மா ஒரு மாசம் பேசல, இப்போ பேசறாங்க.

கார் வந்ததும் ஆசை யாரை விட்டது? கீழே இறக்குற ஸ்பிரிங், பெரிய ரிம், உறுமுற எக்ஸாஸ்ட்னு ஒரு பட்டியல் போட்டேன். ஒண்ணொண்ணா குறைஞ்சது. எக்ஸாஸ்டை மாத்தணும்னா எல்டிஏ அனுமதி வேணும். அதுவுமில்லாம வீவக அடுக்குமாடி கார்பார்க்குல காலை அஞ்சரைக்கு நான் கிளப்பினா நாலு புளோக்கும் எழுந்திருக்கும். அபிஷேகத்துக்குப் போறவன் அடுத்தவங்க சாபத்தோட போகலாமா? கறுப்புக் கண்ணாடி ஒட்டலாம், ஆனா முன்கண்ணாடியிலயும் முன்கதவுலயும் 70 சதவீத வெளிச்சமாவது உள்ள வரணும், பின்னாடி 25 சதவீதம். சட்டத்துக்குள்ள அடங்குற பிலிமே வெயிலுக்குப் போதும். செராமிக் கோட்டிங் பத்தியும் ஒரு வார்த்தை. ஒரு ஒர்க்‌ஷாப்ல "இது போட்டா கீறவே கீறாது சார்"னு சொன்னாங்க. அப்படி இல்ல. தண்ணி ஒட்டாது, கழுவறது சுலபம், மைனா எச்சம் சீக்கிரம் அரிக்காது, அவ்வளவுதான். கல் தெறிக்கிறதுக்கு பிபிஎஃப் பிலிம்தான் மருந்து, அதுவும் பானெட்டுக்கும் பம்பருக்கும் போட்டா போதும்.

ஸ்பிரிங்கை மட்டும் விட மனசே வரல. பட ஆல்பம்கூட சேர்த்து வச்சிருந்தேன். ஆனா அப்பாவுக்கு வயசு எண்பத்திரெண்டு, ரெண்டு முட்டியும் தேய்ஞ்சாச்சு. இந்தக் கார் ஏற்கெனவே தரையோட தரையா இருக்கு. முதல் நாள் அவரை உட்கார வைக்க ஏழெட்டு நிமிஷம் ஆச்சு. தலை இடிக்காம, முதுகை முதல்ல உள்ள விட்டு, உட்கார்ந்து, அப்புறம் ஒவ்வொரு காலா தூக்கி வைக்கணும். சுழல்ற மெத்தை ஒண்ணு வாங்கிப் போட்டுப் பார்த்தேன், அந்தக் குழிவான சீட்டுல அது நிக்கல. இன்னும் ரெண்டு விரக்கடை இறக்கினா அவரால ஏறவே முடியாது. ஸ்பிரிங் போடல. அவர் ஏறுற பக்கம் கதவோரத்துல பிடிச்சுக்கறதுக்குக் கொக்கி மாதிரி ஒரு கைப்பிடி வாங்கினேன். கதவு பூட்டுற இடத்துல மாட்டுறது, விலை சாப்பாட்டுக் காசுதான். அதுதான் இந்தக் காருல நான் பண்ணின பெரிய மாடிஃபிகேஷன், சிரிக்காதீங்க.

சிஓஇ கணக்கும் அவருக்கு அத்துப்படி. 2023 அக்டோபர்ல பி பிரிவு 150,001 வெள்ளிக்குப் போனப்போ நாளிதழை நாலா மடிச்சு எங்கிட்ட நீட்டினார். இப்போ, "பத்து வருஷத்துக்கு சர்ட்டிபிகேட்டா? காடிக்கு சரி. எனக்கு எத்தனை வருஷம்னு எந்த ஆபீஸ்ல கேக்கறது?"ன்னார். வீட்டுல எல்லாரும் சிரிச்சோம். நான் போய் வாளியை எடுத்துட்டு வந்தேன்.

நம்பர் கதையைச் சொல்லாம விட்டா கோச்சுக்குவீங்க. எங்க சேல்ஸ்மேன் சீனர், தங்கமான மனுஷன். "அங்கிள், உங்க அதிர்ஷ்டம், எட்டுல முடியுது!"ன்னு ஓடி வந்தார். அவங்களுக்கு எட்டு செல்வம், நம்மாளுங்களுக்கு சனி. வீட்டுக்காரம்மா முகத்தைப் பார்க்கணுமே! ஏலத்துல வேற நம்பர் கேட்கலாம், ஆனா கேள்வி ஆரம்பமே 1,000 வெள்ளி. அந்தக் காசுக்கு சனீஸ்வரனுக்கு எத்தனை எள் விளக்கு ஏத்தலாம்னு கணக்குப் போட்டு, எட்டையே வச்சுக்கிட்டோம்.

இப்போ ஞாயித்துக்கிழமை காலையில அப்பா கார்பார்க்ல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து "கூரையில இருந்து கீழ வா, சக்கரத்தைக் கடைசியில தொடு"ன்னு மேற்பார்வை. கழுவி முடிச்சதும் பழைய அப்பர் தாம்சன் ரோடு வரைக்கும் ஒரு சுத்து. இப்போ அது ஒருவழிப் பாதை, குரங்குங்க குறுக்கே வரும், மெதுவாத்தான் போகணும். இடது சீட்டுல அவர். வளைவு வந்தா அந்தக் காலத்து எஞ்சின் சத்தத்தை வாயாலயே போடறார்.

இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு நான் கோயில்ல இருப்பேன். வாகன பூஜைக்கு வர்றவங்க ஒரு பெரிய பாட்டில் தண்ணி கொண்டுவாங்க, சுத்தமான துணி எங்கிட்ட கூடுதலா இருக்கு. பஃபலோ ரோட்டுல மாலை வாங்கும்போதே கம்பி வேணாம், நூல்ல கட்டித் தாங்கன்னு சொல்லிடுங்க.