கண் காணாக் கடை

பொருளைச் செய்யும் கைக்கும் அதனை வாங்கும் கைக்கும் இடையே கிடக்கும் தொலைவே வாணிகம் பிறக்கும் இடம். அத்தொலைவு ஓர் ஊருக்கும் அதன் சந்தைக்கும் இடையே அடங்கியிருந்த காலமும் உண்டு. கடல்களையும் கண்டங்களையும் அளாவி விரிந்த காலமும் உண்டு. தொலைவு எத்துணையாயினும் அதனைக் கடத்தற்கு இரண்டு வேண்டும். ஒன்று, பொருளைக் கொண்டு சேர்க்கும் வழி. மற்றொன்று, காணாத ஒருவர் சொல்லைக் காணாத மற்றொருவர் நம்பும் நம்பிக்கை. வழியை வண்டியும் கப்பலும் அஞ்சலும் அமைத்துத் தரும். நம்பிக்கையையோ வணிகரே தம் நடத்தையால் தேடிக்கொள்ள வேண்டும்.

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்று 1995-ஆம் ஆண்டில் பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அதன் ஒரு பகுதியாய் இருந்து, 2007-ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டமாய் நிலைபெற்றது அரியலூர். இவ்விரண்டிற்கும் இன்று கடற்கரை இல்லை. ஆயினும், பல கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் நிலம் கடலுக்கு அடியில் கிடந்தது. அங்குக் கிடைக்கும் சங்கும் சிப்பியுமாகிய கற்படிவங்கள் அதற்குச் சான்று கூறும். அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருளாய் உதவுகின்றது. அம்மண்ணில் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கண்ட இராசேந்திர சோழன், 1025-ஆம் ஆண்டளவில் தன் கப்பற்படையைக் கடாரம் வரை செலுத்தினான். ஆகவே, தொலைநாட்டுத் தொடர்பு இந்நிலத்திற்குப் புதியது அன்று.

எனினும், இந்நிலத்து உழவரும் கைவினைஞரும் தம் பொருளின் முழுப் பயனையும் பெறுகின்றனரா? பெரம்பலூர்ப் பகுதி சின்ன வெங்காயத்திற்குப் பெயர்பெற்றது. அறுவடைக் காலத்தில் வெங்காயம் ஒருங்கே சந்தையில் வந்து குவிந்தால் விலை வீழ்ந்துவிடும். நெடுநாள் வைத்துக் காத்தற்கும் எல்லாருக்கும் வசதி இராது. அரும்பாவூரில் வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் தெய்வ வடிவங்களைச் செதுக்கும் சிற்பிகள் வாழ்கின்றனர். அவர்தம் மரச்சிற்பங்களுக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டிமடம், செந்துறை வட்டாரங்களில் முந்திரி விளைகின்றது. பொருள் உண்டு, திறமும் உண்டு. ஆனால், அவற்றை விரும்பி வாங்கக்கூடிய குடும்பம் நானூறு கல் தொலைவில் இருக்கும். இருவரும் ஒருவரையொருவர் அறியார். இடையில் நிற்கும் வணிகர் பலர். அவரவர் உழைப்புக்கு அவரவர் ஊதியம் பெறுதல் முறையே. ஆயினும் இறுதியில் செய்தவர் கைக்கு வந்து சேர்வது சிறு பங்காகிவிடுகின்றது.

இத்தொலைவை முதலில் பெரிதும் சுருக்கியது அஞ்சல். இந்திய அஞ்சல் துறை 1877-ஆம் ஆண்டில் வி.பி.பி. என்னும் முறையை ஏற்படுத்தியது. பொருளை விற்பவர் பொட்டலமாகக் கட்டி அஞ்சலகத்தில் சேர்ப்பார். அஞ்சற்காரர் அதனை உரியவரிடம் கொடுத்து விலையைப் பெற்றுக்கொள்வார். பெற்ற தொகை விற்றவரைச் சென்று சேரும். பணத்தை முன்னரே அனுப்பி ஏமாறுவோமோ என்று வாங்குபவர் அஞ்ச வேண்டுவதில்லை. பொருளைக் கொடுத்துவிட்டுப் பணத்திற்குக் காத்திருப்போமோ என்று விற்பவரும் கலங்க வேண்டுவதில்லை. நடுநிலையாளராய் நின்று இருவர் அச்சத்தையும் போக்கியது அஞ்சலகம். நூலும் மருந்தும் கடிகாரமும் இவ்வழியே சிற்றூர்களை அடைந்தன.

அஞ்சல் வழி வாணிகத்தால் உலகறிய உயர்ந்த பெண்மணி ஒருவர் உண்டு. அவர் பெயர் லில்லியன் வெர்னன். செர்மனி நாட்டு லைப்சிக்கு நகரில், யூதக் குடும்பம் ஒன்றில் 1927-ஆம் ஆண்டு பிறந்தவர். நாசிகள் கொடுமைக்கு அஞ்சி அவர் குடும்பம் முதலில் ஆம்சுடர்டாம் நகருக்கும், பின்னர் 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற்கும் குடிபெயர்ந்தது. மொழி புதிது, மண் புதிது. தந்தையார் தோற்பொருள் தொழில் தொடங்கிக் குடும்பத்தைக் காத்தார்.

1951-ஆம் ஆண்டில் லில்லியன் நியூயார்க்கு மாநிலத்து மவுண்ட் வெர்னன் என்னும் ஊரில் இல்லறம் நடத்தி வந்தார். தலைமகனைக் கருவுற்றிருந்த காலம் அது. பிள்ளை பிறந்தால் செலவு பெருகும். வெளியே சென்று வேலை பார்த்தலும் இயலாது. இருந்த இடத்திலிருந்தே பொருளீட்டும் வழி யாது என எண்ணினார். திருமணத்தில் அன்பளிப்பாய் வந்த 2,000 டாலர் அவர் முதல். சமையலறை மேசையே அவர் அலுவலகம். தந்தையாரின் தொழிற்சாலையில் தோற்பையும் இடைவாரும் செய்வித்து, வாங்குவோர் பெயரின் முதலெழுத்துகளை அவற்றில் பொறித்துத் தருவதாக இளம்பெண்கள் படிக்கும் 'செவன்டீன்' என்னும் இதழில் விளம்பரம் செய்தார். அவ்விளம்பரத்திற்கு மட்டும் 495 டாலர் செலவாயிற்று. கைமுதலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அது. பணம் பாழானால் ஈடு செய்ய வழி இல்லை. ஆனால், மடல்கள் வந்து குவிந்தன. ஆண்டு முடிவதற்குள் 32,000 டாலர் பெறுமான பொருள்கள் விற்றன.

தோற்பை எங்கும் கிடைக்கும் பொருளே. எனின், இத்துணைப் பேர் அவரை ஏன் நாடினர்? அப்பையில் தம் பெயரின் எழுத்து இருந்தது. ஆயிரம் பேருக்கு விற்கும் பொருளை ஒவ்வொருவருக்கும் உரிய தனிப்பொருளாக்கிய நுட்பம் அது. எழுத்துப் பொறித்தற்கெனத் தனிக் கட்டணமும் அவர் பெறவில்லை. 1956-ஆம் ஆண்டில் 16 பக்கங்கள் கொண்ட விலைப்பட்டியல் நூல் ஒன்றை அச்சிட்டு, 1,25,000 வாடிக்கையாளருக்கு அனுப்பினார். பொருளின் படமும் அளவும் விலையும் தாங்கிய அந்நூலே அவர் கடை. கதவு இல்லை, காவல் இல்லை, திறக்கும் நேரமும் மூடும் நேரமும் இல்லை. வீட்டிலிருந்தபடியே பெண்கள் அக்கடைக்குள் புகுந்து வந்தனர்.

பொருள் மனத்திற்குப் பிடிக்கவில்லையேல், வாங்கிப் பல்லாண்டு கழிந்த பின்னும் திருப்பி அனுப்பிப் பணத்தைப் பெறலாம் என அவர் உறுதி கூறினார். இதனால் இழப்பு நேராதோ என ஐயுறுவோர் உண்டு. சிறு இழப்பு நேரவே செய்யும். ஆனால், திருப்பிக் கொடுக்கலாம் என்னும் துணிவு வாங்குவோரைப் பெருக்கியது. குறையுள்ள பொருள் தம் கைக்கே திரும்பி வரும் என்னும் அச்சம், நல்ல பொருளையே தேர்ந்தெடுக்குமாறு விற்பவரைக் கட்டுப்படுத்தியது. 1987-ஆம் ஆண்டில் அவர் நிறுவனத்தின் பங்குகள் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பெற்றன. பெண் ஒருவர் நிறுவிய நிறுவனம் அச்சந்தையில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. ஊரின் பெயரைத் தம் நிறுவனத்திற்குச் சூட்டிய அவர், பின்னாளில் அதனையே தம் பெயராகவும் ஏற்றுக்கொண்டார்.

ஏற்றம் கண்டது எதுவும் என்றும் நிலைத்திருக்கும் என எண்ணுதல் பிழை. இணையம் பரவியபோது அந்நிறுவனமும் இணையத்தில் கடை விரித்தது. எனினும், இணையப் புதுநிறுவனங்களின் போட்டியும், மலிவு விலைப் பெருங்கடைகளின் போட்டியும் அதனை நெருக்கின. 2003-ஆம் ஆண்டில் நிறுவனம் பிறர் கைக்கு மாறிற்று. 2008-ஆம் ஆண்டில் கடன் சுமை தாங்காது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடிற்று. லில்லியன் 2015-ஆம் ஆண்டில், தம் 88-ஆம் அகவையில் மறைந்தார். நேற்றைய வெற்றி நாளைக்குக் காப்பாகாது என்பது அவர்தம் நிறுவனத்தின் பிற்கால வரலாறு உணர்த்தும் உண்மை.

இனி, இந்திய நாட்டில் இணைய வாணிகத்தில் வென்ற பெண்மணி ஒருவரைக் காண்க. பால்குனி நாயர் மும்பையில், குசராத்திக் குடும்பத்தில் 1963-ஆம் ஆண்டு பிறந்தவர். அகமதாபாத்து இந்திய மேலாண்மைக் கழகத்தில் பயின்று, கோட்டக் மகிந்திரா நிறுவனத்தில் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி உயர்பதவி எய்தியவர். ஐம்பதாம் அகவை நெருங்கும்போது அமைதியாய் இருந்து ஓய்வை எதிர்நோக்குவோர் பலர். அவரோ 2012-ஆம் ஆண்டில் அப்பதவியைத் துறந்து, தம் குடும்பப் பணத்தைக் கொண்டு 'நைகா' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். நாயகி என்னும் பொருள்படும் வடசொல்லினின்று பிறந்த பெயர் அது.

அழகுப் பொருள்களை இணையத்தில் விற்பதே அவர் மேற்கொண்ட தொழில். தோலிலும் உதட்டிலும் பூசும் பொருள் போலியாயின் பணத்தோடு உடல்நலமும் கெடும். ஆதலால், யார் வேண்டுமாயினும் வந்து விற்றுச் செல்லலாம் எனத் தம் தளத்தைத் திறந்துவிட அவர் விரும்பவில்லை. செய்வோரிடமிருந்தும் அவர்தம் உரிமை பெற்ற முகவரிடமிருந்தும் பொருளை வாங்கித் தம் கிடங்கில் வைத்து விற்கும் முறையையே பெரிதும் பின்பற்றினார். இதற்கு முதல் மிகுதியாய் வேண்டும். தேங்கிய சரக்கின் இழப்பும் தம் தலைமேல் விழும். ஆயினும், நம்பிக்கை என்னும் பெருமுதலைத் தேடித் தந்த முறை இதுவே. பொருளைப் பயன்படுத்தும் வகையைக் கட்டுரைகளாலும் படக்காட்சிகளாலும் விளக்கி, விற்பனையோடு அறிவுரையையும் இணைத்தார். பின்னர்க் கண்டு தொட்டு வாங்க விரும்புவோர்க்கென நகரங்களில் கடைகளையும் திறந்தார். 2021-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் அந்நிறுவனத்தின் பங்குகள் பங்குச் சந்தையில் அடியெடுத்து வைத்தன. அன்றே அவற்றின் விலை மிக உயர்ந்தது. அடுத்த ஆண்டில் வெகுவாய்த் தாழ்ந்தது. ஏற்றத்தில் மயங்காமலும் இறக்கத்தில் இடிந்துவிடாமலும் தொழிலைத் தொடர்ந்து நடத்துவதே வணிகரின் திண்மை.

ஒருவர் இருபத்து நான்கு அகவையில் சமையலறை மேசையில் தொடங்கினார். மற்றவர் ஐம்பதை எட்டும்போது உயர்பதவியை விட்டுத் தொடங்கினார். ஒருவருக்கு அஞ்சல் துணை. மற்றவருக்கு இணையம் துணை. காலமும் கருவியும் வேறு. ஆனால், வாங்குபவரைக் கண்ணால் காணாதபோதும் அவர் எதிரே நிற்பதாகவே கருதி நடந்துகொண்ட நேர்மை இருவர்க்கும் பொது.

பெரம்பலூர், அரியலூர்ப் பெண்களுக்கு இவ்வழி இயலுமோ? இன்று கைப்பேசி சிற்றூர்களிலும் உண்டு. 1989-ஆம் ஆண்டில் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் தமிழகமெங்கும் பரவியுள்ளது. பச்சை வெங்காயம் விரைவில் அழுகும், அதனை உளுந்தோடும் கடுகோடும் சேர்த்து வடகமாக்கி உலர்த்திவிட்டால் பல திங்கள் கெடாது, தொலைவும் செல்லும். விலை வீழும் காலத்து விளைபொருளை விலை வீழாத பண்டமாக்கும் அறிவு இந்நிலத்துப் பெண்களின் கையில் முன்பே உண்டு.

ஆனால், அறிவு மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். நூறு பொட்டலங்கள் அனுப்பப்பட்டு அவற்றுள் பத்துத் திரும்பி வருவதாகக் கொள்க. அப்பத்தின் விலை கிடைக்காததோடு, போகும் செலவும் வரும் செலவும் சேர்ந்து இழப்பாகும். மீதித் தொண்ணூறில் கிடைக்கும் ஊதியம் அவ்விழப்பைத் தாங்க வேண்டும். பொட்டலம் கட்டும் அட்டைக்கும் கயிற்றுக்கும் ஆகும் செலவைக் கணக்கில் சேர்க்காதவர் விற்க விற்க நட்டப்படுவர். படத்தில் பெரிதாய்க் காட்டிச் சிறியதை அனுப்புபவருக்கு முதல் விற்பனை உண்டு. இரண்டாம் விற்பனை இல்லை. அரும்பாவூர்ச் சிற்பத்தின் உயரமும் எடையும் மரத்தின் வகையும் உள்ளபடி எழுதப்படுதல் வேண்டும். உள்ளதை உள்ளவாறு கூறும் சொல்லே கண் காணாக் கடையின் படிக்கல்லும் தராசும் ஆகும்.

வாங்குவோர்க்கும் கடமை உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், இணைய வாணிகம் பற்றி 2020-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகளும் வாங்குவோரின் உரிமையைக் காக்கின்றன. விற்பவர் யார், குறை கூற வேண்டியவர் யார் என்பனவற்றை இணையக் கடைகள் தெரிவித்தல் வேண்டும். அவற்றைப் படித்தறியாது பணத்தை அனுப்புதல் பேதைமை. திருப்பி அனுப்பும் உரிமை உள்ளதென்று பயன்படுத்திய பொருளைப் புதியது போல் திருப்பி அனுப்புதலோ, உழைப்பவர் வயிற்றில் அடிக்கும் செயல்.

பெண்கள் வாணிகத்திற்கு வீட்டு வாயில் தடையென்று கருதப்பட்ட காலம் நெடிது. அவ்வாயிலின் உள்ளிருந்தே உலகத்தைத் தொட முடியும் என லில்லியன் காட்டினார். அவ்வாயிலைக் கடந்து பெருநிறுவனத்தைத் தலைமை தாங்கி நடத்தவும் முடியும் எனப் பால்குனி காட்டினார். இருவர் வழியும் திறந்தே கிடக்கின்றன. படித்த பெண் ஒருத்தி தன் தாய் பிழிந்த வடகத்தையோ, தன் தந்தை செதுக்கிய சிற்பத்தையோ படமெடுத்து, உண்மை விளங்க நான்கு வரி எழுதக் கற்பாளாயின், அவள் கற்ற கல்வி அக்குடும்பத்தின் உழைப்புக்கு உரிய விலையைத் தேடித் தரும். காணாதார்க்கும் நேர்மை தவறாது அவள் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலமும் அவள் ஊருக்கு நற்பெயரைத் தேடித் தரும்.