தாத்தா கொடுத்த தக்காளி!

தக்காளி என்ன கலர்? 'இதெல்லாம் ஒரு கேள்வியா பாஸ்?'னு முறைக்காதீங்க. பழுத்த பிறகும் பச்சையாவே இருந்து, மேலே வரிக்குதிரை மாதிரி கோடு போட்டுக்கிற தக்காளி இருக்கு. அடிபட்டுக் கன்னிப்போன மாதிரி ஊதாக் கலரில் ஒண்ணு. பேரிக்காய் ஷேப்பில் மஞ்சளா ஒண்ணு. ஹாஸ்டல் ரசத்தில் மிதக்குற சிவப்புத் தோலை மட்டுமே பார்த்துப் பழகின நமக்கு இதெல்லாம் ஆச்சர்யம்தான்!

இந்த வண்ணக் கூட்டத்தோட சரித்திரத்தைப் பார்க்கணும்னா, அமெரிக்காவில் அயோவா மாநிலத்துக்குப் போகணும். உங்க சீனியர் யாராவது மின்னியாபொலிஸ் பக்கம் எம்.எஸ். படிக்கிறாங்களா? அப்படியே தொத்திக்கோங்க. கார்ல தென்கிழக்கா சுமார் மூணு மணி நேரம். டெக்கோரா வந்துடும்.

அயோவான்னாலே கண்ணுக்கெட்டின தூரம் வரை தட்டையான மக்காச்சோளக் காடுதான். ஆனா, டெக்கோரா பக்கம் மட்டும் மேடும் பள்ளமுமா, சுண்ணாம்புப் பாறைகளோட இருக்கும். கடைசி பனியுகத்தில் பனிப்பாறைகள் இந்தப் பக்கம் வந்து தேய்க்காமல் விட்டதுதான் காரணம். சின்ன ஊர், நடுவில் ஒரு நதி, 1861-ல் ஆரம்பிச்ச லூதர் காலேஜ்... நம்மளை மாதிரி பசங்க நடமாடுற ஊர்தான்.

ஊருக்கு வடக்கே பத்து கிலோமீட்டர் போனா 'ஹெரிடேஜ் ஃபார்ம்'. மொத்தம் 890 ஏக்கர். கோடைக் காலத்தில், அதுவும் காலையிலேயே போயிடுங்க. ஏன்னா, அங்கே இருக்குற பெரிய சிவப்புக் களஞ்சியத்தின் சுவரெல்லாம் ஒரு மார்னிங் க்ளோரி கொடி ஏறியிருக்கும். கரு ஊதாப் பூ, நடுவில் சிவப்பா ஒரு நட்சத்திரம். வெயில் ஏறினா சுருங்கிடும். அந்தப் பூவுக்குப் பேரே 'கிராண்ட்பா ஆட்'... அதாவது 'ஆட் தாத்தா'!

யார் இந்தத் தாத்தா? பாப்டிஸ்ட் ஜான் ஆட். இதே அயோவாவில் செயின்ட் லூகாஸ் என்கிற சிற்றூர் விவசாயி. அவங்க முன்னோர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து கப்பலேறி வந்தப்போ, துணிமணியோட விதையையும் கொண்டு வந்தாங்க. அந்தப் பூ விதையையும், 'ஜெர்மன் பிங்க்' என்கிற தக்காளி விதையையும் தாத்தா தன் பேத்தி டயானிடமும், அவர் கணவர் கென்ட் வீலியிடமும் கொடுத்தார். அந்தக் குளிர்காலத்தை அவர் தாண்டவில்லை.

அப்பதான் ரெண்டு பேருக்கும் சுரீர்னு உறைச்சது. ஒருவேளை நாம கேட்காமலே இருந்திருந்தால்? அவரோட சேர்ந்து அந்த விதையும் போயிருக்குமே! இதே மாதிரி ஊர் ஊரா எத்தனை தாத்தாக்கள், எத்தனை டப்பாக்கள்?

1975-ல் விதை பரிமாறிக்கிற ஒரு குழுவை ஆரம்பிச்சாங்க. முதல் வருஷம் சேர்ந்தது 29 பேர். ஆளுக்கு 25 சென்ட்டும் ஒரு பெரிய கவரும் அனுப்ப, ஆறு பக்கத்தில் பட்டியல் தயார்! 'என்கிட்ட இந்த விதை இருக்கு, வேணுங்கிறவங்க லெட்டர் போடுங்க.' அவ்வளவுதான் சிஸ்டம். அதுதான் இன்றைய 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்'. கையில் இருக்கும் ரகங்கள் 20,000-க்கும் மேல்!

தபாலில் போன ஒரு கவர் என்ன பண்ணும்னு ஒரு சாம்பிள். 1990-ல், பென்சில்வேனியாவில் வசித்த கிரெய்க் லெஹூலியர் என்பவருக்கு ஒரு பார்சல் வந்தது. வேலையில் கெமிஸ்ட், வீட்டில் தக்காளிப் பைத்தியம். அனுப்பினவர் டென்னஸியில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருத்தர். 'நூறு வருஷத்துக்கு முன்னாடி செரோக்கி பழங்குடி மக்கள் கொடுத்த விதையாம்'னு ஒரு குறிப்பு. பேர்கூடக் கிடையாது. நட்டுப் பார்த்தார். அழுக்கு ஊதாவில் காய்ச்சது. 'செரோக்கி பர்ப்பிள்'னு பேர் வெச்சு, விதை கம்பெனிக்காரங்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பினார். இன்னைக்கு அது பல நாட்டுத் தோட்டங்களில் ஹீரோ!

'சரி, கடையில் வாங்கின தக்காளியிலிருந்து விதை எடுத்தால் போச்சு!' என்கிறீர்களா? அங்கேதான் ட்விஸ்ட். கடைக்கு வருவதில் பெரும்பாலானவை ஹைப்ரிட். அதன் விதையை நட்டால் அதே பழம் வரும்னு கேரன்டி இல்லை. நாட்டு ரகம் அப்படியில்லை. தக்காளிப் பூ பெரும்பாலும் தனக்குத்தானே மகரந்தச் சேர்க்கை செஞ்சுக்கும். அதனால் அம்மா எப்படியோ, பொண்ணும் அப்படியே!

விதை எடுக்குறதும் ஈஸிதான். நல்லா பழுத்த பழத்தை அறுத்து, விதையை அந்த வழவழப்போட ஒரு டம்ளரில் பிழிஞ்சு, கொஞ்சம் தண்ணி விட்டு ரெண்டு மூணு நாள் வெச்சிடுங்க. மேலே வெள்ளையா பூஞ்சை படரும், நாத்தம் வரும். ரூம்மேட் திட்டுவான், கண்டுக்காதீங்க. முளைப்பைத் தடுக்கிற அந்த வழவழப்பு நொதிச்சுப் போகணும். அடியில் தங்குறதுதான் நல்ல விதை. அலசி, தட்டில் பரப்பி, நிழலில் காய வைங்க. பேப்பரில் வேண்டாம், ஒட்டிக்கும். பேரும் தேதியும் எழுதிக் கவரில் போட்டு, ஈரம் படாமல் வெச்சா நாலஞ்சு வருஷம் தாங்கும்.

டெக்கோராவிலும் குளிரூட்டின அறையில் விதை இருக்கு. 2008-ல் ஆர்க்டிக் பக்கம் ஸ்வால்பார்டில் திறந்த உலக விதைப் பெட்டகத்துக்கும் இங்கிருந்து காப்பி போயிருக்கு. ஆனாலும், பெட்டகத்துக்குள் விதை தூங்கத்தான் முடியும். மண்ணில் போட்டு, காய்ச்சதும் நாலு பேர் கையில் கொடுத்தால்தான் அது பிழைக்கும். ஒருத்தர் செடி கருகினாலும் இன்னொருத்தர் வீட்டில் இருக்குமே! காசுன்னா கொடுக்கக் கொடுக்கக் குறையும். விதை கணக்கே வேற.

டெக்கோரா போக விசா, டிக்கெட் எல்லாம் வேணும். உங்க பாட்டி ஊருக்கு பஸ் டிக்கெட் போதும். கொல்லையில் என்ன காய்ச்சது, உறியில் எந்த விதை தொங்குச்சுனு கேளுங்க. ஒரு பிடி கிடைச்சா ரெண்டு பங்காக்கி, ஒண்ணை ஃப்ரெண்டுக்குக் கொடுங்க.

டயான் சரியான நேரத்தில் கேட்டுட்டாங்க. நீங்க இந்த லீவுக்கே கேட்டுடுங்களேன்!