படியிறங்க மறுத்த கால்கள்

நாற்பதைக் கடந்த மதரஸா ஆசிரியர் ஒருவர், உளூச் செய்யும் ஹவுளின் மூன்று படிகளில் இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரக்கூடும். என் மாணவர்களுக்கு அன்று வந்தது. மறைவாகச் சிரித்தார்கள் என்பதே அவர்கள் எனக்குக் காட்டிய மரியாதை.

நாள் முழுவதும் பாயில் அமர்ந்து பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பது என் பணி. கடந்த ஆண்டு செய்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கூடியிருப்பது தெரிய வந்தது. என் அத்தா இதே நோயினால் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். தம் கடைசி ஆண்டுகளை நாற்காலியிலேயே கழித்தவர். ஆகவே, “நாள்தோறும் நடந்து வாருங்கள்” என்று மருத்துவர் கூறியபோது, அந்த நாற்காலிதான் என் கண்முன் வந்து நின்றது.

நடக்கச் சொன்னார் மருத்துவர்; நானோ ஓடினேன். சுபுஹு தொழுகை முடிந்ததும் திடலை நான்கு சுற்றுச் சுற்றி, அது போதாதென்று ஊருணிப் படிகளில் இருபது முறை ஏறி இறங்கினேன். இருபது ஆண்டுகளுக்கு முன் கல்லூரியில் பந்து விளையாடிய கால்கள் அல்லவா என்ற நினைப்பு!

அன்றிரவு இரண்டு மணியளவில் இடது கெண்டைக்கால் கல்லாக இறுகிக்கொண்டது. குரக்குவலி என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான் போட்ட சத்தத்தில் வீடே விழித்துக்கொண்டது. மனைவி தைலத்துடன் ஓடி வந்தார். சில நிமிடங்களில் பிடிப்பு விட்டது. ஆனால் மறுநாள் வேறொரு வேதனை தொடங்கியது. மூன்றாம் நாள் அது உச்சத்தை அடைந்தது. தொடைகள் கனத்தன. நிலையிலிருந்து ஸுஜூதுக்குச் செல்வதற்குள் கண்ணீர் வந்துவிட்டது. இதில் ஒரு விந்தை: படியேறும்போது வலி பொறுக்கும்படியாக இருந்தது, இறங்கும்போதுதான் உயிர் போயிற்று.

நரம்பு சுருண்டுவிட்டது என்றார் ஒருவர். உப்புக் குறைவு என்றார் மற்றொருவர். (நம் ஊர்களில் எந்த வலிக்கும் பழியைச் சுமப்பது நரம்புதான்.) எனக்கோ, அத்தாவுக்கும் இப்படித்தான் தொடங்கியிருக்குமோ என்ற அச்சம். அதை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரங்கள் நடையையே நிறுத்திவிட்டேன்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று இயன்முறை மருத்துவராக இருக்கிறார். விடுமுறைக்கு வந்தவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முதலில் என் இரு பாதங்களிலும் நாடியைத் தொட்டுப் பார்த்தார். விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்தார். பிறகு சொன்னார்: “ஹஜ்ரத், புதிதாக ஓத வரும் பிள்ளையிடம் முதல் நாளே யாசீன் சூராவை மனப்பாடம் செய்யச் சொல்வீர்களா? உங்கள் கால்களிடம் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.”

எனக்கு வந்தவை இரண்டும் வெவ்வேறு என்பதை அவர்தாம் விளக்கினார். இரவில் வந்தது தசைப்பிடிப்பு. சுருங்கிய தசை தளர மறுப்பது அது. நீரும் உப்பும் குறைவதுதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். களைத்துப்போன தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளை ஒழுங்கு தவறுவதே காரணம் என்ற கருத்தைத் தென்னாப்பிரிக்காவின் மார்ட்டின் ஷ்வெல்னஸ் குழுவினர் 1997இல் முன்வைத்தனர். ஆக, நரம்பின் மீது பழி போட்டவரும் முற்றிலும் தவறிவிடவில்லை! அந்நேரத்தில் செய்யத்தக்கது எளிது: முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியை முகத்தை நோக்கி மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். கை எட்டாதவர்கள் உள்ளங்காலில் துண்டைச் சுற்றி இழுக்கலாம்.

மறுநாள் வந்த வலி வேறு. பழகாத உழைப்பால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவும், அதை உடல் சீர்செய்வதும் சேர்ந்து தருவது அது. 1902ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப் இவ்வாறு எழுதியிருக்கிறார். லாக்டிக் அமிலம் தேங்குவதால்தான் வலிக்கிறது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அதுவோ உழைப்பு முடிந்த ஒரு மணி நேர அளவிலேயே பெரும்பாலும் அகன்றுவிடும். படியிறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகிறது. அவ்வகை உழைப்பே தசையை மிகவும் நோகச் செய்வது. ஊருணிப் படிகளில் ஏறியதால் அல்ல, இறங்கியதால்தான் நான் அவதிப்பட்டேன்! இவ்வலி ஒரு வாரத்திற்குள் தானே தீரும். அதே பயிற்சியை அடுத்த முறை செய்யும்போது வெகுவாகக் குறைந்திருக்கும். நான் நடையை நிறுத்தியிருக்கவே வேண்டியதில்லை. மெல்ல நடந்திருந்தால் போதும்.

சில அடையாளங்களை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது என்றார். சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனாலோ, ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் வலி நீங்கி, மீண்டும் நடந்தால் வருமாயின், அது இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களும் புகைப்பவர்களும் இதை மறக்கலாகாது. அத்தா அப்படித்தான் கடைத்தெருவில் நின்று நின்று போவார். முதுமை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

இப்போது முதல் வாரம் பத்து நிமிடம், பிறகு வாரத்திற்கு ஐந்து நிமிடம் கூடுதல் என்று தொடங்கி, அரை மணி நேர நடைக்கு வந்திருக்கிறேன். ஊருணிப் படிகளில் ஐந்து முறை மட்டும். ஹவுளில் நான் இறங்கும்போது பிள்ளைகள் இன்னமும் ஓரக்கண்ணால் பார்க்கத்தான் செய்கிறார்கள்.